புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கவும்

"இன்னையிலேர்ந்து நீ வாசல்ல நிக்க வேணாம்" என்றாள் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கொடுப்பதற்காக, இளைய மருமகளான சின்னவள் பெரிய ஃபிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மேடையில் சிந்தியது. துணியை எடுத்துத் துடைத்தாள். அவள் அப்படித்தான். திட்டினால் துடைப்பாள், இன்னும் திட்டினால் இன்னும் நன்றாகத் துடைப்பாள். அந்த வீட்டுச் சமையல் மேடை எப்போதும் பளபளவென்று இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"யார் சொன்னாங்க அத்தை?"

"கமிட்டி சொல்லிருச்சு."

கமிட்டி என்றால் மாமியாரின் மூத்த மகன். சபையின் செயலாளர். வார நாட்களில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் அதே நினைப்புதான். யாரைப் பார்த்தாலும் 'இந்த ஆளுக்கு ஓட்டத் தெரியாது' என்கிற முகத்தோடுதான் பார்ப்பார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தகப்பனார் ஆரம்பித்த சபை தன் காலத்தில் சுருங்குகிறதே என்று உண்மையாகவே தவித்தவர். நூற்றிருபது பேர் இருந்த இடத்தில் இப்போது நாற்பது பேர். அதனால் புதிதாக ஒரு முகம் தெரிந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. ஆராதனை நடுவிலேயே மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க. பேரு? எங்கிருந்து வர்றீங்க? வீட்டுக்காரர் என்ன பண்றார்? பிள்ளைங்க எத்தனை?"

கேட்டு முடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். இருபது வருஷமாக அந்தச் சபை இதைத்தான் வரவேற்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது. கைதட்டு வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுவாரம் வரவில்லை. ஜனங்களுக்கு இப்போது பக்தி குறைந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். மைக்கின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சின்னவளுக்கு மட்டும் வந்தது. பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. எட்டு வருஷத்துக்கு முன் அதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். பாடுவதற்குப் பத்துப் பேர் இருந்தார்கள், வாசலில் நிற்க ஒருவரும் இல்லை. உட்கார இடம் காட்டுவாள், குழந்தை அழுதால் பின்னறைக்கு அழைத்துப்போவாள், போகும்போது டீ கொடுப்பாள். உள்ளே பாட்டு நடக்கும்போது அவள் உதடு மட்டும் அசையும்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது வேட்டு வைத்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்தது இதுதான். மருந்துக்கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தனியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். செயலாளர் மைக்கோடு போனார். பேரைச் சொன்னாள். எங்கிருந்து வந்தாள் என்பதையும் சொன்னாள். "வீட்டுக்காரர் வரலியாம்மா? அடுத்த வாரம் கூட்டிட்டு வந்துருவீங்கல்ல?" என்றார் சிரித்துக்கொண்டே. அவள் வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அவள் மூச்சு வாங்குவது மட்டும் மைக்கில் சபை முழுவதும் கேட்டது. சின்னவள் வாசலிலிருந்து வேகமாக வந்து, அவள் தோளை அணைத்துப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே அழைத்துப்போய்விட்டாள்.

சபை பார்த்தது அவ்வளவுதான். மீதியைச் சபையே சொந்தமாக எழுதிக்கொண்டது. சின்னவள் ஏதோ சுருக்கென்று சொல்லிவிட்டாள், வந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விரட்டிவிட்டாள் என்று.

மதில் ஓரத்தில் அந்தப் பெண் சொன்னது வேறு. கணவனை அடக்கம் செய்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா... நாள் முழுக்கக் கவுன்ட்டர்ல நிக்கிறேன். வர்றவங்கல்லாம் பாவம்னு பார்த்தா என்னால நிக்க முடியாது." சொல்ல மாட்டேன் என்று சின்னவள் வாக்குக் கொடுத்தாள். சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எங்கே போகிறாள் என்று வீட்டில் அதற்கும் ஒரு விசாரணை நடந்தது.

"மூணு வாரமா கேக்கறேன்" என்றாள் மாமியார். "அந்தப் பொண்ண என்னடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

"ஒண்ணும் சொல்லாமயா அவ அழுதுட்டே போனா? உங்க மாமா கால் தேய வீடு வீடா நடந்து சேர்த்த சபை இது. வர்ற ஒண்ணு ரெண்டு பேரையும் நீ வெரட்டி விட்டா, நான் எந்த முகத்தோட முன் பெஞ்சுல உக்காருவேன்?"

சின்னவளின் கணவன் கதவோரம் நின்றான். வயரிங் வேலை செய்கிறவன். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் எங்காவது ஒரு பல்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். இன்று கையில் பல்பு இல்லை. "எங்கிட்டயாவது சொல்லேன்..." என்றான் தாழ்ந்த குரலில். "நான் என்ன அந்நியனா?"

"அது என் கதையில்லைங்க. என் கதையா இருந்தா உங்ககிட்ட சொல்லாம இருப்பேனா?"

அதற்குள் செயலாளரே உள்ளே வந்துவிட்டார். மூன்று வாரமாக அவர் சின்னவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "போன வருஷம் அஞ்சாயிரம் சுவிசேஷ நோட்டீஸ் குடுத்திருக்கோம். தெருத்தெருவா ஸ்பீக்கர் கட்டிப் பேசியிருக்கோம். அதைக் கேட்டு ஒருத்தர் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பறதா? விடும்மா. இனிமே நானே நிக்கறேன்."

சின்னவள் துணியைப் பிழிந்து காயப் போட்டாள். திரும்பி மாமியாரை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி அவள் பார்த்ததில்லை.

"சரிங்க அத்தை. இன்னைக்கு நிக்கல. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க என்கூட ஒரு இடத்துக்கு வரணும். நம்மள யாருக்குமே தெரியாத ஒரு சபைக்கு. நாம ரெண்டு பேர் மட்டும். போயிட்டு வந்து நீங்களே சொல்லுங்க. நிக்காதன்னு சொன்னா, சாகற வரைக்கும் அந்த வாசப்பக்கம் போக மாட்டேன்."

"இது என்ன புதுப் பழக்கம்?" என்றார் செயலாளர், சுவரிடம்.

"நான் அத்தைகிட்ட கேக்கறேன் பெரியத்தான்."

மாமியாருக்கு வயது எழுபத்து நான்கு. சவாலுக்கு இழுத்தால் விடுகிற ஆள் இல்லை. "போலாம்டி" என்றாள். "எனக்கென்ன பயம்?"

பயம் வாசலிலேயே வந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கிய அந்தச் சபை பெரியது. வாசலில் நின்ற இரண்டு பேர் வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்தார்கள், மறுபடி வண்டிக்கே போய்விட்டார்கள். ஐம்பது வருஷமாக எந்த பெஞ்சில் உட்காருவது என்று ஒருநாளும் யோசித்திராத மாமியார் நடுவழியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு இடத்தில் உட்கார்ந்தார்கள். "இது எங்க இடங்க" என்றாள் ஓர் அம்மாள், மரியாதையாகத்தான். எழுந்து பின்னால் போனார்கள். அங்கே ஒரு பை இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. கடைசியில் தூண் மறைக்கிற ஒரு மூலை கிடைத்தது.

"நம்ம சபையில இப்படியா பண்றோம்?" என்று முணுமுணுத்தாள் மாமியார். தன் முன் பெஞ்சில் தெரியாமல் உட்கார்ந்தவர்களை மாமியார் எழுப்பிவிட்டதைச் சின்னவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

பாட்டு முடிந்ததும், சிரித்த முகமாக ஒருவர் மைக்கோடு வந்தார். சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"அம்மா, புதுசா வந்திருக்கீங்க. எழுந்து நில்லுங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க."

மாமியார் ஆசையோடுதான் எழுந்தாள். ஒருவராவது மனுஷியாக மதித்தாரே என்று இருந்திருக்கும். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பேரைச் சொன்னாள். கணவர் ஒரு சபையையே ஆரம்பித்தவர் என்று நிமிர்ந்து சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள்.

"ரொம்ப சந்தோஷம்மா. பிள்ளைங்க எத்தனை பேர்?"

விரலை மடக்கப் போன மாமியார் பாதியில் நிறுத்தினாள்.

இரண்டு மகன்களுக்கு நடுவில் ஒரு மகள் இருந்தாள். பத்தொன்பது வயதில், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பது வருஷமாக யாரும் மாமியாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவள் சபையில் எல்லோரும் மகளின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள். கேட்க வேண்டியிருக்கவில்லை. இங்கே நானூறு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள்.

"ரெ..." என்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூச்சு மட்டும் மைக்கில் கேட்டது.

சின்னவள் எழுந்தாள். மாமியாரின் தோளை அணைத்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் மாமியார் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "ரெண்டுன்னு சொல்ல வாய் வரலடி... சொன்னா அவள நானே இன்னொரு தடவ பொதைக்கிற மாதிரி... மூணுன்னு சொன்னா, மூணு பேரும் என்ன பண்றாங்கன்னு கேப்பான்... அத்தனை பேர் நடுவுல நான் என்னத்தச் சொல்ல?"

"சத்தியமா நான் இதுக்காகக் கூட்டிட்டு வரல அத்தை. இங்கயும் மைக் வரும்னு எனக்குத் தெரியாது. தெரியாத வாசல்ல நிக்கறது எப்படி இருக்கும்னு நீங்க பார்க்கணும்னுதான்... என்னை மன்னிச்சிருங்க."

மாமியார் அழுகையை நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பி மருமகள் முகத்தைப் பார்த்தாள். தன் தோளில் இன்னும் இருந்த அவள் கையைப் பார்த்தாள்.

"அந்த மருந்துக்கடைப் பொண்ணையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனியா?"

சின்னவள் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவளுக்கு யாரு போனது?"

அவள் திரும்பவே இல்லை.

"சொல்லாத... சொல்ல வேணாம். வாக்குக் குடுத்திருப்ப." மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாலு வாரமா என் வாயிலேர்ந்து என்னென்ன கேட்ட நீ... ஊரே உன்ன ஏசுச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே."

"உங்ககிட்ட சொன்னா பெரியத்தான்கிட்ட சொல்லுவீங்க. அவங்க நல்ல எண்ணத்துலதான், அந்தப் பொண்ணுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்கன்னு மைக்லயே சொல்லிருவாங்க."

மாமியாருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "சொல்லுவான்... கண்டிப்பா சொல்லுவான்." சிரித்துக்கொண்டே மருமகளைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

வீட்டில் செயலாளர் காத்திருந்தார். "எத்தனை பேரும்மா அங்க? நிரம்பி வழியுதாமே?"

மாமியார் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தங்கச்சியப் பத்தி நீ பேசினதே இல்லையேம்மா..."

"யாரும் கேக்கலியேடா. கேட்டவனும் மைக்ல கேட்டான்."

ஐம்பத்திரண்டு வயது மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பி போய் அவர் தோளைத் தொட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலை நிமிர்ந்தபோது சுவரைப் பார்க்கவில்லை, சின்னவளைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துல வந்துட்டுப் போனவங்க முப்பத்தொரு பேரும்மா. எல்லார் பேரும் எங்கிட்ட இருக்கு. இத்தனை பேரை நிக்க வெச்சிருக்கேன்... இப்ப என்ன பண்றது?"

"போவோம் பெரியத்தான். ஒவ்வொரு வீடா. நாமதான் போகணும்." அவள் குரலில் தயக்கமே இல்லை. "சபைக்கு வாங்கன்னு கூப்பிட வேணாம். எப்படி இருக்கீங்கன்னு கேப்போம். சொன்னா கேட்டுப்போம், சொல்லலைன்னா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவோம்."

"அப்ப சுவிசேஷம்? அத எப்பச் சொல்றது?"

"நீங்க ஏன் எங்களுக்காக வர்றீங்கன்னு ஒருநாள் அவங்களே கேப்பாங்க. அன்னைக்குச் சொல்லலாம்."

செயலாளர் எதையோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்து போய்ப் பேர்கள் எழுதிய நோட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

முதல் வீடு மருந்துக்கடைப் பெண்ணுடையது. மாமியாரும் பெரியத்தானும் வரலாமா என்று சின்னவள் முன்பே கடைக்குப் போய்க் கேட்டு வந்திருந்தாள். அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் இரண்டு மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த செயலாளருக்குக் கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "மன்னிச்சிரும்மா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகளைப் பற்றிச் சொன்னாள். அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்கெல்லாம் கோபித்துக்கொள்வாள் என்று முப்பது வருஷத்துப் பேச்சு. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகவே உள்ளே போய்த் தன் கணவனின் படத்தை எடுத்துவந்து மாமியார் மடியில் வைத்தாள்.

கிளம்பும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாளைக்கு வரலாமான்னு பார்க்கறேன்ம்மா... கடைசி பெஞ்சுலதான் உக்காருவேன். யாரும் எழுப்ப மாட்டாங்கல்ல?"

"எவனும் எழுப்ப மாட்டான்" என்றாள் மாமியார், மூத்த மகனைப் பார்த்துக்கொண்டே. "நானும் இனிமே அங்கதான் உக்காரப் போறேன். உனக்காக இவ நாலு வாரம் எங்க எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கினா. ஒரு வார்த்தை வெளிய விடல. நான் பெத்த பொண்ணு இருந்திருந்தாக்கூட இவ்வளவு தாங்கியிருப்பாளான்னு தெரியல." சின்னவளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ வா. வாசல்ல இவ நிப்பா."

இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த சின்னவள் அப்போதுதான் அழுதாள்.