மெஷினுக்கு ஒரு பரீட்சை

தள்ளுபடி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எங்கள் அப்பாவின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவர் பேருந்து ஓட்டுகிறார். எந்தத் தெருவில் எந்தக் கடையில் தள்ளுபடிப் பலகை தொங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

எங்கள் சமையலறைக் குழாய் தள்ளுபடியில் வந்தது. அதைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் குளிர்ந்த தண்ணீர் வரும். குளியலறைக் கதவின் கைப்பிடியும் அப்படித்தான். திறக்க வேண்டுமென்றால் மேலே தூக்க வேண்டும். இது தெரியாத விருந்தாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். கூடத்து விளக்கோ, சுவிட்சைப் போட்டபின் ஒரு தும்மல் தும்மி முடிக்கும்வரை காத்திருந்தால்தான் எரியும். "இந்த வீட்டுல தள்ளுபடி இல்லாம வந்தது நீ மட்டும்தான்," என்று அம்மா என்னிடம் சொல்வார்.

அதனால், ஒரு நாள் அப்பா பாத்திரம் கழுவும் மெஷினோடு வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

"கடையில பார்வைக்கு வச்சிருந்ததாம். அதான் பாதி விலை," என்றார் அப்பா. "இனிமே உங்க அம்மா சோப்புத் தண்ணியில கையே வைக்க வேண்டாம்."

அம்மா ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். மெல்லிய பட்டுத் துணி வந்தால் முதலாளியம்மா அம்மாவிடம்தான் கொடுப்பார். ஆனால், சோப்பு ஒத்துக்கொள்ளாமல் அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. பட்டைத் தொட்டால் வெடிப்பில் நூல் மாட்டி இழுத்துக்கொள்ளும். ரப்பர் உறை போட்டால் அரிப்பு. அதனால் சில வாரங்களாக அம்மாவுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும்தான் தைக்கக் கிடைத்தன. "கை ஆறினதும் வந்து சொல்லு, பட்டு உனக்குத்தான். ஆனா ரொம்ப நாள் காத்திருக்க முடியாது," என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

காலைப் பாத்திரங்களை அம்மா மெஷினில் அடுக்குவார். ராத்திரிப் பாத்திரங்கள் அப்பாவின் பொறுப்பு. தட்டும் தம்ளரும் பளபளவென்று அலமாரிக்குப் போயின. ஆனால், அம்மாவின் விரல் மட்டும் ஆறவே இல்லை.

"அம்மா, உன் விரல் கட்டு ஏன் எப்பவும் ஈரமா இருக்கு?" என்று கேட்டேன்.

"கேள்விக்குறி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, கிளம்பு," என்றார் அம்மா. வீட்டில் எனக்கு அதுதான் பட்டப்பெயர். நான் கேள்வி கேட்பதை நிறுத்தவே மாட்டேனாம்.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போய்விட்டார். தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சமையலறைக்குள் நுழைந்தேன். அம்மா தொட்டியில் தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, கழுவிய தட்டுகளை மெஷினில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு அடுக்கத் தெரியலை போல, கண்ணு. நான் வச்சா அழுக்கு அப்படியே வருது. உங்க அப்பா வச்சா பளிச்சுனு வருது. ஆசையா வாங்கிட்டு வந்தவர். தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவார். சொல்லிடாதே."

"அப்ப நான் கழுவித் தரேன்."

"நீ கழுவினா, அதை நான் திரும்பக் கழுவணும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சமையலறைக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே ரேடியோ அலறியது. தண்ணீர் குடிக்கலாம் என்று கதவைத் தள்ளினால், அப்பா முழங்கை வரை நுரையோடு நிற்கிறார். மெஷினிலிருந்து எடுத்த தம்ளர்களெல்லாம் தொட்டியில் கிடந்தன.

"மெதுவா பேசு," என்றார் அப்பா. "எனக்கு இது கைவரலை, கண்ணு. உங்க அம்மா அடுக்கினா சுத்தமா வருது. நான் அடுக்கினா போட்டது போட்டபடி வருது. மெஷின் சரியில்லைன்னு நினைச்சு உங்க அம்மா பழையபடி கையால கழுவ ஆரம்பிச்சிட்டா, அந்த விரல் எப்படி ஆறும்? சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

ஒரே நாளில் இரண்டு சத்தியம். ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, அம்மாவின் விரலை நினைத்தால் அழுகையும் வந்தது. இரண்டு சத்தியத்தையும் காப்பாற்றி, அம்மாவின் விரலையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. மெஷின் உண்மையாகவே பாத்திரம் கழுவ வேண்டும்.

எங்களுக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்கத்தானே பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைக்கிறார்கள். மெஷினுக்கும் ஒரு பரீட்சை வைத்தால் என்ன என்று தோன்றியது.

விடுமுறை நாளில் அம்மாவும் அப்பாவும் காய் வாங்கப் போனார்கள். நான் எல்லாத் தம்ளர்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் தக்காளி சாஸில் ஒரு பொட்டு வைத்தேன். மெஷினின் கம்பித் தட்டு நிறைய அவற்றைக் கவிழ்த்து அடுக்கினேன். மெஷின் முனகி, குமுறி, கடைசியில் நின்றது.

ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை ஒரே வரிசையில் நின்ற தம்ளர்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. மற்ற எல்லாவற்றிலும் பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

அப்படியென்றால் தண்ணீர் ஒரே கோட்டில்தான் அடிக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பித் தட்டை வெளியே இழுத்துக் குனிந்து பார்த்தேன். அடியில் துளை துளையாக ஒரு நீளமான பட்டை அதே கோட்டில் கிடந்தது. விரலால் தள்ளினேன். விசிறி மாதிரி சுற்ற வேண்டியது அசையவே இல்லை. தடவிப் பார்த்தபோது ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடி நிறத்தில், கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் நாடா ஒன்று பட்டையை இழுத்துக் கட்டியிருந்தது.

அம்மாவின் கத்தரிக்கோலைத் தொட்டால் வீடு இரண்டாகிவிடும். அதனால் நகவெட்டியை எடுத்து நாடாவை நறுக்கினேன். பட்டை ஜோராகச் சுற்றியது.

அன்று சாப்பிட்டு முடித்ததும், "இன்னிக்கு நான்தான் அடுக்குவேன்," என்றேன்.

"நீயா?" என்று அப்பா பாதி எழுந்தார்.

"உனக்கெதுக்கு கண்ணு இந்த வேலை," என்று அம்மா முழுதாகவே எழுந்துவிட்டார்.

அடுக்கி மெஷினைப் போட்டேன். பிறகு தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாரும் குழாய்ப் பக்கம் வர முடியாது. மெஷின் ஓடி முடியும்வரை இருவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

கதவைத் திறந்தேன். அப்பா ஒரு தட்டை எடுத்தார், அம்மா ஒரு தம்ளரை எடுத்தார்.

"எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஏன், தினமும் இப்படித்தானே வரும்?" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நீங்களும் கழுவினீங்களா?"

"அப்ப நீயுமா?"

அப்பா அம்மாவின் ஈரக் கட்டைப் பார்த்தார். அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களாக்கும்," என்றார் அம்மா. அதற்குமேல் இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை, நீங்களாத்தான் உளறிட்டீங்க," என்று சொல்லிவிட்டு, அறுந்த நாடாவை எடுத்துக் காட்டினேன்.

"கடைக்கு வர்ற பிள்ளைங்க கைய விட்டுச் சுத்தக் கூடாதுன்னு கட்டி வச்சிருப்பாங்க," என்றார் அப்பா. "அவங்க அவிழ்க்க மறந்துட்டாங்க. நானும் விலையைப் பார்த்த சந்தோஷத்துல உள்ளே பார்க்கவே இல்லை."

சில வாரங்கள் கழித்து, அம்மா கடையிலிருந்து ஒரு துண்டு நீலப் பட்டு கொண்டுவந்தார். எங்கள் முன்னால் அதன்மேல் விரல் நுனியை மெல்ல இழுத்தார். ஒரு நூல்கூட மாட்டவில்லை.

அந்தத் துண்டில் எனக்கு ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தார் அம்மா. அதில் நகவெட்டியைப் போட்டு வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் தள்ளுபடிக் கடைக்குக் கிளம்பினால் அப்பா முதலில், "கேள்விக்குறி, பையை எடுத்துக்கிட்டியா?" என்றுதான் கேட்கிறார்.