ஏழாவது அடிக்குப் பிறகு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹார்ட் டிஸ்க் "டிக்" என்றது.

சின்னச் சத்தம்தான். யாரோ நகத்தால் மேசையைத் தட்டியது போல இருந்தது. சல்கின் தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"டிக், டிக், டிக்" என்றது பெட்டி. திரையில் ஓடிக்கொண்டிருந்த வியாழக்கிழமை விழாப் படம் அப்படியே நின்றுவிட்டது.

சல்கினின் அம்மா வெனேரா, நரின் நகரத்தில் விழாக்களைப் படம் பிடிப்பவர். கல்யாணம், பிறந்தநாள், பள்ளி நாடகம் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விழா நாட்களில் அவருக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது பத்து வயது சல்கினின் வேலை.

வியாழக்கிழமை நடந்தது சாய்ரா அக்கா வீட்டு விழா. அவருடைய மகன் எர்போல் நடக்கத் தொடங்கியிருந்தான். வழக்கப்படி அவன் கால்கள் இரண்டையும் கறுப்பு வெள்ளை நூலால் கட்டி, தெருவில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடிவந்தார்கள். முந்தி வந்தவள் கத்தியால் நூலை அறுத்தாள். எர்போல் நடந்தான். இதெல்லாம் மறுபடி ஒருமுறை நடத்த முடியாத காரியம். அறுத்த நூல் அறுத்ததுதான்.

எர்போலின் அப்பா அஸ்கத் அப்போது அங்கே இல்லை. வெகு தூரத்தில், வடக்கே, எரிவாயு எடுக்கும் இடத்தில் சமையல் வேலை பார்த்தார். அங்கே போன் எடுக்காது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் சாமான் வாங்க அங்கே பக்கத்திலுள்ள ஊருக்குப் போவார். நான்கு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவருக்கு இணையம் கிடைக்கும். அந்தச் சனிக்கிழமை இன்றுதான். அவர் புறப்பட்டுப் போனபோது எர்போல் தவழ்ந்துகொண்டிருந்தான்.

விழாவில் இருந்தவர்களின் போனிலும் எதுவும் இல்லை. கடுங்குளிரில் எல்லாப் போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துவிட்டன. அம்மா மட்டும்தான் கேமரா பேட்டரியை ஸ்வெட்டருக்குள், அக்குளில் வைத்துக் காப்பாற்றியிருந்தார்.

"பரவாயில்ல, கேமரா கார்டுல இருக்கும்" என்றார் அம்மா. "அந்த நீலக் கார்டைக் கொடு."

சல்கின் ரொட்டியைத் தேநீரிலேயே விட்டுவிட்டாள்.

இங்கே சல்கினைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 'நான் சொல்லாமல் கார்டை அழிக்காதே' என்பது அம்மாவின் விதி. நேற்றுப் பள்ளி நாடகம் இருந்தது. அம்மா அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். படம்தான் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விட்டதே என்று, சல்கின் தானாகவே நீலக் கார்டை அழித்துக் கேமராவில் போட்டு வைத்தாள். பொறுப்பான பெண் என்று அம்மா மெச்சுவார் என்ற ஆசை. இப்போது அந்தக் கார்டில் முயல் வேஷம் போட்ட பன்னிரண்டு பிள்ளைகள்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கார்டே கெட்டுப்போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அம்மா நீட்டிய கை அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் அழிச்சிட்டேன். அதுலதான் நேத்து நாடகம் பிடிச்சே" என்றாள் சல்கின்.

அம்மா திட்டவில்லை. கையை மெல்ல மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று சல்கினுக்கு இருந்தது.

கீழ் வீட்டிலிருந்து தாலாய் மாமா வந்தார். அவர் டாக்ஸி ஓட்டுகிறவர். தலைநகர் பிஷ்கேக் போயிருந்தபோது இந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வந்தவரே அவர்தான். பழையது என்றாலும் நல்லது, ஏதோ அலுவலகத்தில் உபயோகமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம்.

"தூங்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னான். பாவி, குறட்டை விடும்னு சொல்லலயே" என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. தூசி படியாமல் இருக்க, டிவியை மூடுவது போல அம்மா அதையும் பூவேலை செய்த துணியால் மூடி வைத்திருந்தார். மாமா துணியை உருவி எறிந்தார். பெட்டிக்கு மூச்சு முட்டிவிட்டது, குளிர வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

அவர்கள் வீட்டில் எதைக் குளிர வைப்பதென்றாலும் பால்கனிதான். குளிர்காலம் முழுவதற்குமான குதிரை இறைச்சி அங்கேதான் இருந்தது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மாமா பெட்டியைக் கணினியிலிருந்து கழற்றி, குதிரை விலா எலும்புகளுக்கும் ஒரு மூட்டை உறைய வைத்த இறைச்சிக் கொழுக்கட்டைக்கும் நடுவில் வைத்துவிட்டு வந்தார்.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அம்மா சாய்ராவுக்குப் போன் செய்யலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்து இரண்டு தடவையும் கீழே வைத்தார். சல்கின் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

மாமா பால்கனிக் கதவைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்தார். "பாரு, ஐஸ் மாதிரி ஆயிடுச்சு. இப்ப ஓடலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று வயரைக் கையில் எடுத்தார்.

சல்கின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைச் சூட்டில் அதன் மேல் மெல்ல வெள்ளை படர்ந்தது. பிறகு அந்த வெள்ளை பொடிப்பொடி நீர்த்துளிகளாக மாறியது. இதை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று ஞாபகம் வந்தபோது மாமா வயரைச் செருகப் போய்விட்டார். அவள் பாய்ந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"வேண்டாம் மாமா."

"கையை எடு புள்ள. நேரம் போவுது."

"வெளிய ஈரம் பூத்திருக்கில்ல? உள்ளேயும் பூத்திருக்கும். குளிர்லேர்ந்து வந்ததும் கேமராவை நாங்க திறக்கவே மாட்டோம் மாமா. பையிலேயே ரெண்டு மணி நேரம் கிடக்கும். இல்லன்னா லென்ஸ் உள்ள தண்ணி கோத்துக்கும்."

"இது கேமரா இல்ல."

"தண்ணிக்கு அது தெரியுமா?"

மாமா வயரைக் கீழே வைத்தார். அம்மா எழுந்து வந்து துளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேமராப் பையைக் கொண்டுவந்து, பெட்டியைத் துடைத்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

அப்போது மணி பதினொன்றரை. ஒன்றரைவரை காத்திருக்க வேண்டும்.

சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்பது சல்கினுக்கு அன்றுதான் தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாமா ஜிப்பில் கை வைப்பார். சல்கின் பையை மடியில் வைத்துக்கொண்டு அவரை முறைப்பாள். அவர் அசட்டுச் சிரிப்புடன் தேநீர் குடிக்கப் போவார். அப்படியே ஆறு கோப்பை குடித்துவிட்டார். தான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று சல்கினுக்குப் பயமாகவும் இருந்தது. இரண்டு மணி நேரத்தையும் வீணாக்கியது அவள்தான் என்று ஆகிவிடும்.

ஒன்றரை மணிக்கு அம்மா பெட்டியை வெளியே எடுத்தார். ஈரம் இல்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. வயரைச் செருகினார். பெட்டி உறுமிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியது. திரையில் முப்பத்தொரு படத்துண்டுகள் வரிசையாகத் தெரிந்தன.

மாமா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கணினிக்கு மாற்றிவிடச் சொன்னார். அம்மா மறுத்துத் தலையசைத்தார். காலையில் அது கால் மணி நேரம்தான் தாங்கியது. முதலில் பெரியவர்களின் வாழ்த்துரைகளை எடுத்துவிடுவோம் என்றார். அஸ்கத்தின் பெரியப்பா ஊரில் மதிப்பான மனிதர். இருபது நிமிடம் பேசியிருந்தார். அது இல்லாமல் போனால் கோபித்துக்கொள்வார்.

"அம்மா, இது யாருக்கு அனுப்பறதுக்கு?" என்று கேட்டாள் சல்கின்.

அம்மா திரும்பி அவளைப் பார்த்தார்.

"அஸ்கத் அண்ணனுக்குத்தானே? அவருக்கு எர்போல்தானே வேணும்? முதல்ல அதை எடு. பதினெட்டாவது. ஓட்டப் பந்தயம் முடிஞ்சதும் உனக்கு வேற பேட்டரி கொடுத்தேன்ல, அதுக்கு அடுத்தது. ரொம்பச் சின்னது."

அம்மா பதினெட்டைத் தொட்டார். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பத்து சதவீதம். முப்பது. ஐம்பது. எழுபத்திரண்டில் பெட்டி "டிக்" என்றது.

கோடு நின்றது. "டிக், டிக்." மாமா பெட்டியைப் பார்த்துக் கை கூப்பிவிடுவார் போல இருந்தது. ஒரு நீளமான கீச்சொலி கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஓடவே இல்லை.

வந்தவரை வந்தது. அம்மா அதைப் போட்டுப் பார்த்தார். நூல் அறுபடுகிறது. ரோமத் தொப்பி போட்ட எர்போல் கைகளை விரித்துக்கொண்டு விளக்கை நோக்கி நடக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது அடியில் கால் தூக்கியபடியே நின்றுவிடுகிறான். அவ்வளவுதான் படம்.

மூன்றரை மணிக்குச் சாய்ரா அக்கா எர்போலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா பேச வாயெடுத்தார். ஆனால் சல்கின் முந்திக்கொண்டாள்.

"அக்கா, படம் நிறையப் போயிடுச்சு. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சு. ஆனா கார்டுல இருந்ததை அழிச்சது நான்தான். அம்மா அழிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

சாய்ரா அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா இருந்த துண்டைப் போட்டுக் காட்டினார். அக்கா அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு, பெரியப்பாவின் பேச்சு இருக்கிறதா என்று கேட்டார். அது முழுவதும் போய்விட்டது என்றார் அம்மா.

"கவலைப்படாதீங்க. கூப்பிட்டா மறுபடி வந்து பேசுவார். கூப்பிடலைன்னாலும் பேசுவார்" என்றார் சாய்ரா அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் மாமா பக்கென்று சிரித்துவிட்டார்.

நான்கு மணிக்குப் படத்தை அனுப்பினார்கள். நான்கே கால் ஆயிற்று. நான்கரை ஆயிற்று. போன் அடிக்கவில்லை. அவர் இன்று ஊருக்கு வரவே இல்லையோ என்று சாய்ரா அக்கா முணுமுணுத்தார். எர்போல் மேசைக்கால்களைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தான். சல்கின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. சாய்ரா அக்கா ஸ்பீக்கரைப் போட்டார். பின்னால் நிறைய ஆண் குரல்கள் கேட்டன.

"பார்த்தேன். பசங்க எல்லாரும் பார்த்தாங்க. நடக்கறான் பாரு, போலீஸ்காரன் மாதிரி" என்றார் அஸ்கத். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "ஏழு அடி எண்ணினேன். அப்புறம் படம் நின்னுடுச்சு. அப்புறம் என்ன பண்ணினான்?"

சாய்ரா அக்கா விழித்தார். அவர் எர்போலுக்குப் பின்னால் நின்றிருந்தார். தொப்பிதான் தெரிந்தது, அதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது. "என்கிட்ட கேக்காதீங்க. முன்னாடி விளக்குப் பிடிச்சிட்டு நின்ன பொண்ணு இங்கதான் இருக்கா" என்று போனைச் சல்கின் பக்கம் நகர்த்தினார்.

தான் தொலைத்ததைத்தான் அவர் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"எட்டாவது அடியில சறுக்கிட்டான் அண்ணே. பனி. பொத்துன்னு உக்கார்ந்துட்டான்" என்றாள்.

"அழுதானா?"

"இல்ல. சுத்தி எல்லாரையும் பார்த்தான். எல்லாரும் எங்கிட்ட வா, எங்கிட்ட வான்னு கூப்பிட்டாங்க. பந்தயத்துல ஜெயிச்சவங்களுக்குக் கொடுக்க ஒரு செம்மறிக்கடா கட்டியிருந்தாங்க. இவன் தானாவே எழுந்து, யார்கிட்டயும் போகாம, நேரா அந்தக் கடாகிட்ட போனான். போய் அதோட காதைப் பிடிச்சுக்கிட்டான். விடவே இல்ல. நாலு பேர் சேர்ந்து பிரிச்சாங்க."

அஸ்கத் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத சிரிப்பு. அவரைச் சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"எந்தக் காது?" என்று கேட்டார் அவர்.

சல்கின் கண்ணை மூடிக்கொண்டாள். பனி, விளக்கு வெளிச்சம், தொப்பி, கடாவின் ஆச்சரியப்பட்ட முகம் எல்லாம் அப்படியே தெரிந்தன.

"இடது காது" என்றாள்.

"இடது காதாம்டா" என்று அஸ்கத் பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வது கேட்டது.