ஆமை நின்றுவிட்டது

ஆமை நின்று இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதுவும் நிலாவில்!

ஆமை என்றால் நிஜ ஆமை இல்லை. ஆறு சக்கரம் வைத்த குட்டி வண்டி. நடை அப்படி இருந்ததால் அந்தப் பெயர். பூமியிலிருந்து அதை நடத்துகிறவர் வாண்டுவின் அம்மா. பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டதால், வாண்டுவும் கட்டுப்பாட்டு அறையின் மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளம், பள்ளம்னு அடம்பிடிக்குது சார்," என்றார் அம்மா.

திரையில் ஆமைக்கு முன்னால் நீளமாக ஒரு சிவப்புத் திட்டு. எது கல், எது பள்ளம் என்று தீர்மானிப்பது ஆமைக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு. நிலாப் படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகியது அது. பள்ளம் என்று பட்டால் சிவப்புப் பூசிவிட்டு நின்றுவிடும்.

"மலை நிழல் பின்னாடியே வந்துக்கிட்டிருக்கு. இன்னும் அரை மணி நேரம்தான்," என்றார் தலைமைப் பொறியாளர். "அதுக்குள்ள எதிர்மேட்டு வெயிலுக்குப் போகலைன்னா பேட்டரி உறைஞ்சிடும். அப்புறம் ஆமையை எழுப்பவே முடியாது."

"அது பேச்சைக் கேட்காம ஓட்டிடலாமா சார்?"

"நிஜமாவே பள்ளமா இருந்தா? தலைகுப்புற விழும். ஆறு வருஷ உழைப்பும்மா!"

"இத்தனை நாளா ஒழுங்காத்தானே போச்சு? வெயில் சாய்ஞ்சதுல இருந்துதான் இப்படி."

வாண்டு சட்டென்று நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

ஆமைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. போன விடுமுறையில், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு படக் கட்டு கொடுத்தார்கள். பள்ளத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். வாண்டுவுக்கு வந்தது மாலை வெயில் கட்டு. முந்நூறு படம். முதல் ஐம்பதைப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு யார் முதலில் முடிப்பது என்று போட்டி வந்துவிட்டது. கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் வளைத்து வளைத்துக் கோடு போட்டாள். நிழலா, பள்ளமா என்று யார் பார்த்தது? முதல் பரிசும் வாங்கிவிட்டாள்.

இப்போது சொன்னால் மானம் போகும். அம்மாவுக்கும் தலைகுனிவு. சொல்லாவிட்டால் ஆமை போய்விடும்.

சாய்ந்த வெயில் போதாமல் பேட்டரி பதினெட்டு சதவீதத்திலிருந்து பதினேழுக்கு இறங்கியது.

"அம்மா..."

"இப்ப பேசாதே கண்ணு."

"அது நிழலா இருக்கும்மா. நான்தான் ஆமைக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். வாண்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மாவின் முகம் சிவந்தது.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்களும் சரிபார்க்காம விட்டிருக்கோமே! அந்தச் சிவப்பை எடுத்துட்டு வெறும் படத்தைக் காட்டுங்க."

சிவப்பு போனது. கீழே ஒரே கறுப்பு.

"நிழலாவும் இருக்கலாம், பள்ளமாவும் இருக்கலாம். எதை நம்பி ஓட்டுறது?" என்றார் பொறியாளர்.

வாண்டு மூலையிலிருந்தே கையை உயர்த்தினாள். "வெயில் ஆமையோட முதுகுப் பக்கம்தானே இருக்கு அங்கிள்? ஒரு அடி பின்னாடி போகச் சொல்லுங்க. பள்ளம்னா அங்கேயே கிடக்கும். ஆமையோட நிழல்னா கூடவே வரும்."

பொறியாளர் தலையசைத்தார். அம்மா கட்டளையைத் தட்டினார். புதுப் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"கூடவே வந்திருக்கு சார்! தன் நிழலைப் பார்த்தே பயந்துபோய் நின்னிருக்கு!"

"ஓட்டுங்க, ஓட்டுங்க!"

ஆமை நகர்ந்தது. மலை நிழல் அதன் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டது. பேட்டரி ஏழு. மேடு ஏறியது. ஆறு. சக்கரம் சறுக்கியது. ஐந்து. மறுபடியும் ஐந்து. வாண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆறு!" என்று அம்மா கத்தினார். "வெயிலுக்கு வந்துடுச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் நேரே மூலைக்கு வந்தார்.

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"முந்நூறு படத்தையும் திரும்பப் பார்க்கணுமே. யார் பார்க்கப் போறா?" என்றார் பொறியாளர்.

"நானே பார்க்கிறேன் அங்கிள்," என்றாள் வாண்டு. "ஆனா ஒரு நாளைக்குப் பத்துப் படத்துக்கு மேல கேட்கக் கூடாது."