வாசல் மேல் வெள்ளை விளக்கு

குடையின் வளைந்த பிடியைத் திருடனின் சட்டைக் காலரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தாள் பியூலா.

பின்னே என்ன செய்வாள்? ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் முடிந்து, ரயிலில் நசுங்கி, மாரிகுப்பத்தில் இறங்கி, கொட்டுகிற மழையில் சேறு தாண்டித் தாண்டி வீட்டுக்கு வந்தால்... சொந்தச் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு தாடிக்காரன் குதித்து இறங்கிக்கொண்டிருக்கிறான். கையில் அவள் வீட்டுச் சட்டி வேறு.

"யார்யா நீ? சட்டிய கீழ வை."

"வெச்சுடுறேங்க... மொதல்ல கழுத்த விடுங்க." அவன் இருமினான். "சுடுது..."

சட்டி நழுவிச் சேற்றில் விழுந்து சுர்ரென்றது. உள்ளே வெடித்துக் கரியாகிப் போன முட்டைகள். அப்போதுதான் அவளுக்குப் புகை நாற்றம் உறைத்தது.

"பக்கத்து வூட்ல மோட்டார் ரிப்பேருக்கு வந்தேங்க. இங்க இருந்து பொகையா வந்துச்சு. கதவ தட்டுறேன், தட்டுறேன்... உள்ள பெரியவரு சேர்ல குந்திகினு இருக்காரு, திரும்பவே இல்ல. அதான் ஜன்னல ஒடச்சு..."

அவன் முடிப்பதற்குள் பியூலா சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. அவன்தான் அணைத்திருக்கிறான். கேஸ் டியூபுக்கு ஒரு சாண் தள்ளி, கைத்துண்டு ஒன்று எரிந்து சுருண்டு கிடந்தது. கூடத்தில் டாடி, சைலஸ் தாத்தா என்று சுரங்கத் தொழிலாளர் லைன் முழுக்கப் பெயர் பெற்றவர், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிம்மதியாகப் பைபிள் வாசித்துக்கொண்டிருந்தார். முட்டை வெடித்தது, கதவு அதிர்ந்தது, ஜன்னல் உடைந்தது... எதுவுமே அவருக்குத் தெரியாது.

ஐயோ, ஏசப்பா... இவன் மட்டும் வரலைன்னா?

சுவரில் சாய்ந்தவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்து ஒட்டிய இமைகள். புகையில் சிவந்த கண்கள். காலரைப் பிடித்து இழுத்தவள்மேல் அந்தக் கண்களில் துளிக் கோபம் இல்லை... பயந்துவிட்டாளே என்ற கவலைதான் இருந்தது. அந்தப் பார்வையை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதைப் பிற்பாடு யோசித்து அவள் வெட்கப்பட்டது தனிக் கதை.

"அடுப்ப அணைச்சுட்டு கதவத் திறந்துட்டே வந்திருக்கலாமே. ஜன்னல்ல ஏன் குதிச்சீங்க?"

அவன் கதவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "அட... தோணவே இல்லீங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "உங்க பேரு?"

"சம்பங்கி. தாத்தா பேருங்க. சிரிக்கணும்னா அதுக்கும் சேர்த்தே சிரிச்சிடுங்க."

டாடி இப்போதுதான் திரும்பினார். "யாரும்மா இவன்?"

சம்பங்கி நடந்ததையெல்லாம் பணிவாகச் சொன்னான். டாடி அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பைபிளுக்குத் திரும்பிவிட்டார். உயிரைக் காப்பாற்றியவனுக்கு இதுதான் மரியாதையா? பியூலாவுக்கு மானமே போனது.

டாடியின் காதைத் தங்கச் சுரங்கத்து டிரில்லிங் மெஷின் எப்போதோ தின்றுவிட்டது. அது ஊருக்கே தெரியும். அவரிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது. "எனக்கு நல்லா கேட்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறீங்க" என்பார். எதிரில் நின்று பேசினால் அவரும் சரியாகத்தான் பதில் சொல்வார். அதனால் ஏதோ கொஞ்சம் கேட்கிறது என்றே பியூலாவும் இத்தனை வருஷம் நம்பியிருந்தாள்.

பெங்களூரில் இருக்கிற அண்ணன் எட்மண்டிடம் விஷயத்தை மறைக்க முடியவில்லை. "போதும் பியூலா. இந்த மாசக் கடைசி ஞாயிறு வர்றேன். வீட்ட பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்றான் போனில். சொன்னதில் தப்பில்லைதான். ஆனால் அந்த நாலாவது மாடி ஃபிளாட்டில் சும்மா ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தபோதே டாடி பாதியாக இளைத்திருந்தார். அம்மா கண் மூடிய வீடு இது. இதைப் பூட்டினால் அவரையும் உள்ளே வைத்துப் பூட்டினதுபோலத்தான்.

உடைந்த ஜன்னலுக்குக் கொக்கி வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போனாள். கொக்கி ஒரு சாக்கு என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். எலெக்ட்ரிக் கடை வாசலில் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான் சம்பங்கி. வயசான மனுஷனை எப்படித் தனியாக விட்டுப் போவது என்று அவள் புலம்பியதும், ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"எங்க வூடு பின்னாலதான். ஒண்ணு காட்டுறேன், வாங்க."

வீட்டுக் கதவருகே இருந்த ஸ்விட்சை அழுத்தச் சொன்னான். மணி அடிக்கவில்லை. உள்ளே கூடத்து விளக்கு மினுக் மினுக்கென்றது. கை துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள் அவன் அம்மா மங்கம்மா. பிறந்ததிலிருந்தே காது கேட்காதவள், பேச்சும் வராது. கையாலேயே உலகத்தை நடத்துகிறவள். பியூலாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விரலை வளைத்துத் தன் ரவிக்கைக் கழுத்தில் மாட்டி இழுத்துக் காட்டி, மகனைப் பார்த்துப் புருவம் உயர்த்தினாள்.

"இன்னா சொல்றாங்க?"

சம்பங்கியின் காது சிவந்தது. "ஒண்ணுமில்லீங்க... குடைக்காரப் பொண்ணு நீங்கதானான்னு கேக்குறாங்க."

ஓ... அம்மாவிடம் சொல்லியிருக்கிறானா? எத்தனை தடவை சொன்னானோ? பியூலாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு தடவை மங்கம்மா தூங்கும்போது ஒயர் எரிந்து, நல்ல வேளையாகத் தப்பித்தாளாம். அதன் பிறகு அவன் வாங்கி மாட்டியது அந்தக் கருவி. புகை பட்டால் விளக்கு விட்டு விட்டு எரியும். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிற ஒரு தட்டு தடதடவென்று அதிர்ந்து எழுப்பும். "காது வேணாங்க. கண்ணும் ஒடம்பும் போதும்" என்றான்.

அந்த வாரமே வந்து மாட்டினான். புகைக் கருவி, டாடியின் தலையணைக்கு அடியில் அதிர்கிற தட்டு, கட்டிலுக்கு மேலே பெரிய சிவப்பு விளக்கு. அடுப்பருகே, சூடு ஏறினால் அதே விளக்கை எரிய வைக்கிற இன்னொரு கருவி. ஏணியில் நின்றபடி ஒவ்வொன்றையும் டாடிக்கு விளக்கினான். டாடி வாய் திறக்கவில்லை. காபி கொண்டு வந்த பியூலாவிடம், "இந்த டம்ளர்ல சர்க்கரை இருக்குதா, இல்ல உங்க கோபம் மாதிரி ஸ்ட்ராங்கா?" என்று அவன் கேட்டதும், "குடிச்சுப் பாருங்க. ஜன்னல் பக்கம் போகாம குடிங்க" என்று அவள் சொன்னதும்... சரி, அதெல்லாம் எதற்கு. அப்படியே இரண்டு மூன்று நாள் காபி ஓடியது.

சனிக்கிழமை சோதனை. கொசுவர்த்திச் சுருள் ஒன்றைக் கொளுத்திக் கருவிக்குக் கீழே பிடித்தான் சம்பங்கி. விளக்கு சிவப்பாக வெட்டி வெட்டி எரிந்தது. டாடி விருட்டென்று எழுந்தார். பியூலா கதவைப் பார்த்தாள்...

டாடி கதவுப் பக்கம் போகவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த மூலைக்குப் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அவள் தோளைத் தொட்டு இழுத்தும் அசையவில்லை. விளக்கு அணைகிற வரைக்கும் அப்படியே இருந்தார்.

பியூலாவின் பயம் கோபமாகத்தானே வெளியே வரும்?

"உங்க விளக்கு இவர வெளிய அனுப்பல. மூலையில உட்கார வெச்சிருக்கு. நிஜமா தீப்பிடிச்சிருந்தா? எதுவுமே இல்லாம இருந்தாலாவது எழுந்து நடந்திருப்பார்."

சம்பங்கியின் முகம் வாடியது. "இதப் பார்த்தா இன்னா தோணுதுன்னு அவரத்தான் கேட்டிருக்கணும். கேட்டேனே... ஒரு வார்த்த பதில் சொன்னாரா? இந்த வூட்டுக்குள்ள நான் ஒரு மனுஷனாவே அவர் கண்ணுக்குத் தெரியலீங்க. எனக்கும் ரோஷம் இருக்குது." பையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான்.

கூப்பிட வாய் வந்தது. கௌரவம் வாயைப் பொத்தியது. நீயா நானா என்று இருவரும் இருந்துவிட்டார்கள். ரயிலில் போனாலும் வந்தாலும் அந்தச் சிவந்த கண்கள் ஜன்னலோரத்தில் கூடவே வந்தன. கடைசி ஞாயிறு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் பியூலா டாடியின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "டாடி, அன்னைக்கு ஏன் மூலைக்குப் போனீங்க?"

"சிவப்பு லைட்டு எரிஞ்சா வேற இன்னா பண்ணுவாங்க?" என்றார் அவர், இது கூடத் தெரியாதா என்பதுபோல. "சுரங்கத்துக்குள்ள எங்க லெவல்ல சிவப்பு லைட்டுன்னா வெடி வைக்கப் போறாங்கன்னு அர்த்தம். இருக்கிற எடத்துலயே பதுங்கிடணும். அப்போ எழுந்து நடந்தவன் வூட்டுக்குத் திரும்பல. கட்டில் மேல அதக் கட்டிவுட்டா நான் எங்கம்மா போவேன்?"

"அப்போ வெளிய வரணும்னா?"

"லிஃப்ட்டு மாதிரி கேஜ் இருக்கும்ல, அதோட வாசல்ல வெள்ள லைட்டு எரியும். அதப் பார்த்து நடந்தா மேல ஏத்திவுட்ருவாங்க."

அடக் கடவுளே... இவ்வளவுதானா?

"இத அவர்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல டாடி? அவர் எவ்வளவு மரியாதையா பேசினார். நீங்க மூஞ்சத் திருப்பிக்கிட்டீங்க."

டாடி கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "இன்னாத்த பேசுறது? அந்தத் தாடிக்குள்ள வாய் எங்க இருக்குதுன்னே தெரியல எனக்கு."

பியூலா அவரையே பார்த்தாள்.

"மெஷின் ஓடும்போது கீழ யார் காதுலயும் ஒண்ணும் வுழாது. ஒதட்ட பார்த்துதான் பேசிப்போம். அப்புறம் மேல வந்தும் அதே பழக்கமாப் போச்சு. உங்கம்மாவுக்குத் தெரியும்... அவ வெளிச்சத்துல நின்னுதான் பேசுவா. செவுடுன்னு தெரிஞ்சா தனியா வுட மாட்டீங்க. இந்த வூட்ட வுட்டுத் தூக்கினு போயிடுவீங்க. அதான் சொல்லல."

பியூலா அவர் முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். பிறகு ஞாபகம் வந்து, முகத்தை நிமிர்த்தி, அவருக்குத் தெரிகிற மாதிரி, "தூக்கிட்டுப் போக விட மாட்டேன்" என்றாள்.

அன்றைக்கே ராபர்ட்சன்பேட்டை. அதே மழை, அதே குடை. ஸ்விட்சை அழுத்தினாள். விளக்கு மினுங்கியது. கதவைத் திறந்தது மங்கம்மா இல்லை, அவனே.

"காலர் இல்லாத சட்ட போட்டிருக்கேன்" என்றான் சம்பங்கி, சிரிக்காமல். "பிடிக்க எதுவும் கிடைக்காது."

"சண்ட போட வரல. தப்பு என் மேலதான்." சொல்லி முடித்ததும் மார்பு லேசானது. "விளக்கு வெள்ளையா இருக்கணும். கட்டில் மேல இல்ல, வாசல் மேல. அப்புறம்..." டாடி சொன்ன அத்தனையையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் கை தானாகத் தாடிக்குப் போனது.

"எங்கம்மா கையப் பார்த்தே பேசுறவங்க. ஒதடுன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க... அப்போ அவருக்கு என் மேல வெறுப்பு இல்லியா?"

"உங்க மேல இல்ல. உங்க தாடி மேல."

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன?"

"தாடி மேலதான் கேட்டேன்."

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினாள்.

ஞாயிறு. சர்ச் முடிந்து எட்மண்ட் காரோடு வந்தான். பெட்டி கட்டவில்லையா என்று கேட்டவனை, "ஒரே ஒரு தடவ பாரு அண்ணா. அப்புறம் நீ சொல்றத கேக்குறேன்" என்று உட்கார வைத்தாள். டாடி பகல் தூக்கத்தில் இருந்தார். வாசல் மேல் புது விளக்கு. அதற்குக் கீழே கொசுவர்த்திச் சுருளோடு நின்றவனைப் பியூலா இரண்டு தடவை பார்த்தாள். தாடி இல்லை. வழித்த கன்னத்தில் ஒரு குழி... இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தான்?

புகை ஏறியது. தலையணைக்கு அடியில் தட்டு அதிர்ந்தது. வாசலில் வெள்ளை விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. டாடி கண் விழித்தார். காலைத் தரையில் ஊன்றினார். பியூலாவின் கை ஜெபத்துக்குக் கூடிக்கொண்டது. டாடி பீரோ பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து நேராக நடந்தார். எட்மண்டைத் தாண்டி, படியிறங்கி, கேட்டுக்கு வெளியே தூறலில் போய் நின்று திரும்பினார்.

"இன்னாபா எல்லாரும் உள்ளயே நின்னுகினு இருக்கீங்க? லைட்டு எரியுதுல்ல? வெளிய வாங்க."

எட்மண்ட் முதலில் சிரித்தான். அப்புறம் கண்ணைத் துடைத்தான். அவரிடம் போய்த் தோளை அணைத்துக்கொண்டு, "நீங்க இங்கயே இருங்க டாடி. நான்தான் அடிக்கடி வரணும்" என்றான்.

வாசலில் இவர்கள் இருவர் மட்டும். வெள்ளை விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட சம்பங்கிக்குத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்னீங்க" என்றான் தணிந்த குரலில். "நானே மொதல்ல சொல்லிடுறேன். அன்னைக்கு ஜன்னல்ல குதிச்சப்போ இந்தக் கழுத்துல மாட்டினது இன்னும் வுடலீங்க... உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. உங்க வூட்ல ஏசு, எங்க வூட்ல முருகரு. அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்பாங்க. உங்கப்பாதான்..."

"அந்த ஏசு, முருகர் எல்லாம் சரி." கேட்டுக்கு அப்பாலிருந்து டாடியின் குரல் வந்தது. "அதுக்கப்புறம் தலைய குனிஞ்சுகினியே தம்பி, கடைசி வார்த்த தெரியல. நிமிர்ந்து சொல்லு."

சம்பங்கி சிலையாகிவிட்டான். எட்மண்ட் தங்கையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பிறகு கார் டயரைப் பார்க்கக் கிளம்பினான்.

பியூலாவுக்குக் கன்னம் கொதித்தது. ஓடி ஒளியலாம்தான். ஆனால் இந்த வீட்டில் பேசினால் இனி எல்லாருக்கும் தெரியும்படிதான் பேச வேண்டும். விளக்குக்கு நேர் கீழே, அம்மா நின்று பேசின மாதிரி வெளிச்சத்தில் வந்து நின்றாள். ஒரு பக்கம் அவன், எதிரில் தூறலுக்கு அப்பால் டாடி. முகத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு வார்த்தையும் உதட்டில் தனியாகத் தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கும் அவர புடிச்சிருக்கு டாடி."

டாடி கண்ணாடியில் விழுந்திருந்த தூறலைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா கேட்டுச்சும்மா" என்றார்.