இலக்கியா நடந்த படம்

அரியலூரில், செந்துறை ரோட்டில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்குக்குச் சிந்தாமணி மதியமே வந்துவிட்டாள். செத்துப்போன மகள் இலக்கியாவின் படத்தை வாங்கிப் போகத்தான்.

உள்ளே சுவரில் நூறு வருஷத்துக்கும் பழைய வெளிநாட்டுப் புகைப்படம் ஒன்று, சட்டம் போட்டுத் தொங்கியது. ஒரே பெண், கட்டம் கட்டமாக, அடி அடியாக நடப்பாள். லாரி மோதிக் கால் நொறுங்கி வந்த இலக்கியாவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

"மகேஷண்ணே, இந்த வெள்ளக்காரி பஸ்ஸ வுட்டுட்டு நடந்தே போறா பாருங்க. என்னையும் இப்புடி எடுங்க. இவள முந்திக் காட்டுறேன்."

நடை பழகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து அவள் நடந்ததை, பயிற்சி கொடுக்கும் மகேஷ் அதே மாதிரி கட்டம் கட்டமாக எடுத்துப் பக்கத்தில் மாட்டினான். கம்பியை விட்டு நடப்பதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டாள்.

மகேஷ் படத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். சிந்தாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. இங்க வெச்சிருக்க முடியல."

வீட்டில் மாட்டி, பொட்டு வைக்கப் போன கை அப்படியே நின்றது.

எந்தக் கட்டத்திலும் இலக்கியா நடக்கவில்லை.

இரண்டு பாதமும் ஒட்டிக்கிடந்தன.

விளக்கேற்றும் நேரத்தில் வீடெல்லாம் ஈரமண் வாசனை. வெளியே மழையில்லை.

தொப்.

இரண்டு காலும் சேர்ந்து விழுகிற சத்தம்.

தொப்.

சிந்தாமணி புருஷன் அரியமுத்துவின் கையைப் பிடித்தாள். செத்தவர்களின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். புதைக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும். சுடுகாடு வரை பெண்கள் போவதில்லை. அவள் பார்க்கவில்லை.

"ஏங்க, குழியில எறக்கும்போது புள்ள கால்கட்ட அவுத்தீங்களா?"

அரியமுத்து கையை உருவிக்கொண்டான்.

"மழ ஊத்துச்சு... ஆளாளுக்கு அவசரப்படுத்துனாங்க... மறந்துட்டோம்டி."

"நடக்கணும் நடக்கணும்னு கெடந்த புள்ளைய கட்டிப்போட்டுட்டா வந்தீங்க?"

விடிந்ததும், யார் தடுத்தும் கேட்காமல் சுடுகாட்டுக்குப் போனாள். தோண்டவா முடியும்? மண்மேட்டின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியில் தன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, முடிச்சைப் பிளேடால் அறுத்தாள்.

"அவுத்துட்டேன் சாமி. நட."

திரும்பும் வழியில் பின்னால் சரளைக்கல் நெரிந்தது.

ஒரு காலடி.

அப்புறம், இழுத்து இழுத்து, இன்னொன்று.

சிந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் வருகிறவளுக்காக நடையை மட்டும் மெதுவாக்கிக்கொண்டாள்.