பின்சில்லுக்குப் பின்னால்

டெனிஸ்டன் "குழி" என்று சொல்வதற்கு முன்பே பின்னாலிருந்து "ஓம்" என்று பதில் வந்துவிட்டது.

திறந்த வாயை மூடாமலே அவன் அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு போனான். தார் பெயர்ந்து, நேற்றைய மழைத்தண்ணீர் தேங்கி நின்ற சின்னக் குழி. அவன்கூட அதைக் கடைசி நேரத்தில்தான் கண்டான். அவனுடைய சைக்கிளின் பின்சில்லையே பார்த்துக்கொண்டு வருகிற மனைவி எவ்லினுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. சரி, மனிசி எட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஐம்பத்திரண்டு வயதில், பட்டப்பகலில், இதற்கெல்லாம் யோசிக்கத் தொடங்கினால் சைக்கிள் ஓடின மாதிரித்தான்.

பட்டப்பகல் என்று பெயர்தான். அக்டோபர் மாதத்துப் பனிப்புகார் சாலே ஆற்றை விட்டு எழும்ப மனமில்லாமல் பள்ளத்தாக்கு முழுவதும் படுத்துக் கிடந்தது. வலப்பக்கம் ஆறு இருப்பது சேற்று மணத்தில் மட்டும் தெரிந்தது. இடப்பக்கம் சோளம் அறுத்த வயலில் வெட்டுக்கட்டைகள் வரிசையாக வந்து வரிசையாக மறைந்தன. ஹாலே நகரிலிருந்து புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் எதிரே ஒரு கார், ஒரு நாய், ஒரு கிழவன்கூட வரவில்லை. சங்கிலியின் சரசரப்பும், ஈர இலைகள் சில்லில் நசியும் ஒலியும், எவ்லினின் இடது மிதியின் கீச்சும்தான் கேட்டன.

அந்தக் கீச்சுக்கு எண்ணெய் விட அவன் சம்மதிப்பதில்லை. அது கேட்கிற வரைக்கும் அவள் பின்னால் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

ஏப்ரலில், இதே ஆற்றோரத்தில், ஒரு ட்ராக்டர் ஹோர்ன் அடித்ததற்கு எவ்லின் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய முன்சில்லு அவனுடைய பின்சில்லில் முட்டியது. விழுந்ததில் தோள் எலும்பு இரண்டாகப் போயிற்று. ஐந்து மாதம் அவள் வலது கையால் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்கவில்லை. அவன் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றபடி, தன்னால்தானே, தன்னுடைய ஆசைக்காகத்தானே அவள் சைக்கிளில் ஏறினாள் என்று எண்ணி எண்ணிக் குமைந்தான். போன வெள்ளிக்கிழமை டொக்டர் பார்க்கக் கொடுத்த டெர்மின். இனி சைக்கிள் ஓடலாம் என்றார் அவர். வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஞாயிறு போவமே? முன்னாலை நீங்கள் இருந்தா எனக்குப் பயமில்லை."

அதனால் அவன் ஒரு சட்டம் போட்டான். முன்னால் போகிறவர் பாதையைப் பார்ப்பார். பின்னால் வருகிறவர் சில்லை மட்டும் பார்ப்பார். என்ன சத்தம் கேட்டாலும் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. குழி வந்தால் முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும். கேட்டது என்பதற்குப் பின்னால் இருப்பவர் "ஓம்" சொல்ல வேண்டும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அவன் ஜெர்மன்காரரின் சைக்கிள் கழகத்தோடு ஓடும்போது, காற்றை வெட்டிக் களைத்தவர், முன்னால் போகிறவர், முழங்கையை வெளிப்பக்கம் ஆட்டுவார். அடுத்தவர் முந்தி வந்து காற்றை வாங்கிக்கொள்வார். அதை எவ்லினுக்கும் காட்டிக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் அவளைச் சீண்டுவதற்காகவே முழங்கையை ஆட்டுவான். அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு, "எனக்கு ஏலாது, நீங்களே போங்கோ" என்பாள்.

இன்றைக்குக் கடைசியாக அவள் அப்படிச் சிரித்தது எந்தக் கல்லில் என்று அவன் யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

கோடாலித் தைலத்தின் மணம் வந்தது. அவள் தோளில் பூசுவது. அவனுக்கு மனம் லேசாகியது. பிறகுதான் உறைத்தது: காற்று எதிரே, அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் இருப்பவளின் மணம் எப்படி முன்னால் வரும்? பிடரிக்கு மிகக் கிட்ட யாரோ மூச்சு விட்டால் ஒழிய.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தான். எவ்லின்.

"இஞ்சேருங்கோ, எங்க போறீங்கள்?" எவ்லினுடைய குரல்தான், கொஞ்சம் கோபம், கொஞ்சம் அழுகை. "கத்திக் கத்தித் தொண்டை நோகுது. செயின் கழண்டுபோச்சு. நான் அந்தப் பழைய மில்லடியில நிக்கிறன்."

மில்லைக் கடந்தது எப்போதோ.

"எப்ப கழண்டது?"

"இருபது நிமிசம் இருக்கும். ஒருக்கா நிண்டு பாக்கிறேல்லையே?"

கீச், என்றது பின்னால். கீச்.

"எவ்லின்." அவன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "நீர் அங்கயே நில்லும். ஒரு இடமும் போகாதையும். வாறன்."

"மெதுவா வாங்கோ. அவசரப்பட்டு விழுந்திடாதேங்கோ."

"வாறன்."

"ஓம்," என்றது பின்னால், அதே குரலில், அன்பாக.

அவன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தான். காலை ஊன்றினான். தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்துத் திரும்பிப் பார்த்தான்.

யாருமில்லை. புகார் மட்டும். ஆனால் நசிந்த இலைகளின் மேல் இரண்டு சில்லுத் தடங்கள் வந்திருந்தன. ஒன்று அவனுடையது. மற்றது அதை ஒட்டியே வந்து, அவனுக்கு ஒரு முழம் பின்னால் நின்றுவிட்டிருந்தது.

கர்த்தரே, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான். அந்தத் தடங்களின் மேலேயே ஏறி மிதித்தான். அவனுக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். இது, எதுவானாலும், எவ்லினிடம் போய்ச் சேருவதற்கு முன் அவன் போய்ச் சேர வேண்டும். அவளுடைய கையைப் பிடித்து நடத்தியாவது பக்கத்து ஊர் பஸ் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

திரும்பிவிட்டான், ஆகவே காற்று இனி முதுகில்தான் அடிக்க வேண்டும். ஆனால் அது முகத்திலேயே அடித்தது. முன்னதைவிடப் பலமாக, ஈரமாக, சேற்று மணத்தோடு. தொடைகள் எரிந்தன. கால் மணி நேரம் மிதித்தும் அதே வயல், அதே வெட்டுக்கட்டைகள்தான்.

கீச்.

பார்க்காதே. மிதி.

கீச். கீச்.

மிதி. அவள் நிற்கிறாள். மிதி. மூச்சு முட்டுகிறது. கண்ணில் வியர்வை. தூரத்தில் மில்லின் கூரை மங்கலாகத் தெரிகிறது. பாதையோரத்தில் வெள்ளையாக ஏதோ. கிலோமீட்டர் கல்.

அவனுடைய முழங்கை ஆடியது.

அவன் ஆட்டவில்லை. ஆட்டியதும் அவன்தான். எத்தனையோ வருடப் பழக்கம், களைத்த உடம்பு, கல்லைக் கண்டதும் கை தன்பாட்டில் வெளியே போய்த் திரும்பியது. ஐயோ என்று அடித்துக்கொண்டது மனம். எவ்லினைப் போல ஏலாது என்று சொல். நீங்களே போங்கோ என்று சொல்.

பின்னால் கீச் நின்றது.

"ஓம்."

இந்த முறை அது எவ்லினின் குரல் இல்லை. ஆண் குரல். ஃபோனில் தன்னுடைய குரலைப் பதிவு செய்து கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

இடப்பக்கத்தால் அது முந்தி வந்தது. சிவப்பு மழைச்சட்டை. வலது தோளில் கிழிந்த இடத்தை, சிவப்பு நூல் இல்லாமல், எவ்லின் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். அந்தத் தையல் அங்கே இருந்தது. அவனுடைய சட்டை. அவனுடைய சைக்கிள். அவனுடைய முதுகு. முகத்தை மட்டும் அது காட்டவில்லை.

காற்று நின்றுவிட்டது. எரிச்சல் இல்லை, களைப்பும் இல்லை. கால்கள் தாமாகச் சுற்றின. நிறுத்தப் பார்த்தான்; நிற்கவில்லை. பிறேக்கைப் பிடிக்கப் பார்த்தான், விரல்கள் மடங்கவில்லை. கண்கள் முன்னால் போகிற சில்லை விட்டு அசைய மறுத்தன. கீச் என்ற சத்தம் இப்போது அவனுடைய இடது காலுக்குக் கீழிருந்து வந்தது.

மில் வந்தது. வாசலில் எவ்லின், மஞ்சள் சட்டையோடு, கையெல்லாம் கிறீஸ். முன்னால் போனதின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். முகம் மலர்ந்து சிரித்தாள்.

"செயினை நானே போட்டிட்டன், பாத்தீங்களே! வாங்கோ, வீட்ட போவம்."

முன்னால் போனது வேகத்தைக் குறைத்துக் கையை உயர்த்திக் காட்டியது. எவ்லின் சைக்கிளில் ஏறினாள். ஏறும்போது டெனிஸ்டன் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள், புகாரைப் பார்ப்பதுபோல. பிறகு முன்னால் போனதின் பின்சில்லோடு ஒட்டிக்கொண்டாள். டெனிஸ்டனுடைய முன்சில்லு அவளுடைய பின்சில்லுக்கு ஒரு முழம் பின்னால் போய் நின்றுகொண்டது.

எவ்லின், அது நானில்லை. இறங்கி ஓடும். எவ்லின். நெஞ்சு வெடிக்கும் அளவுக்குக் கத்தினான். தொண்டையில் ஒரு காற்றும் அசையவில்லை.

ஹாலேக்குப் போகும் திருப்பம் வந்தது. முன்னால் போனது திரும்பவில்லை. ஆற்றங்கரைக்கு இறங்கும் மண்பாதையில் சைக்கிளை விட்டது. சில்லை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்த எவ்லினும் அதே பாதையில் இறங்கினாள். எங்கேயோ கீழே, கிட்டத்தில், தண்ணீர் கரையை நக்குகிற சத்தம்.

"குழி," என்றது அவனுடைய குரல், முன்னாலிருந்து.

"ஓம்," என்றாள் எவ்லின்.

பல்லைக் கடித்தான். உதட்டை அழுத்திப் பிடித்தான். வாய் தானாகத் திறந்தது.

"ஓம்," என்றான் டெனிஸ்டன்.

எவ்லினின் தோள்கள் விறைத்தன. மிதி ஒரு கணம் நின்றது. கழுத்து மெல்ல, ஒரு விரற்கடை அளவுக்கு, திரும்பத் தொடங்கியது. திரும்பும், என்று அவன் மன்றாடினான். என்ரை ராசாத்தி, ஒருக்கா, ஒரேயொருக்கா திரும்பிப் பாரும்.

அவள் கழுத்தை நேராக்கினாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் சொல்லிக் கொடுத்தபடியே, முன்னால் போகும் சில்லோடு இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போனாள்.