திரை ஓரத்தில் நாலு விரல்

காலை ஆறு மணிக்கு தேவயானி ஸ்டூலிலிருந்து விழுந்தாள். இடது கை அடியில் மாட்டிக்கொண்டது.

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிட்டியா!" நாத்தனார் வரலட்சுமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "குப்பத்துலேர்ந்து பஸ் புடிச்சி வந்து நான் வேலை செய்யறேன். வீட்டுக்காரி நீ படுத்துக்கினு கிட!"

"மணிக்கட்டுல என்னமோ ஆயிடிச்சி அண்ணி... புத்தூர் போயி ஒரு கட்டு போட்டுக்கினு ஒம்போது மணிக்குள்ள வந்துடறேன்."

கணவன் கோவர்த்தனன் சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். இன்னிக்கிதான் உனக்கு கை உடையணுமா? மத்தியானம் போ."

மகள் காவ்யா தலையில் பூ வைத்துக்கொண்டே வந்தாள்.

"நடிக்காதம்மா, ப்ளீஸ்... திருப்பதிலேர்ந்து அவங்க கெளம்பிட்டாங்க. எல்லாம் முடியட்டும். நீயும் நானும் அந்த ஸ்கிரீன் முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம். சரியா?"

மஞ்சள் திரை வாசல் பந்தலில் நின்றது. காவ்யா போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே போல வேண்டும் என்றிருந்தாள். தேவயானி நாலு நாளில் செய்தாள். வீட்டுத் தறியில் ஓடிய வெள்ளைத் துணியை மஞ்சளில் தோய்த்து, மடிப்பு வைத்துத் தைத்தாள். நூறு காகிதப் பூ ஒட்டினாள். மணல் நிரப்பிய இரண்டு பக்கெட்டில் பி.வி.சி. குழாய்களை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே மாட்டினாள்.

மகளைப் பள்ளியில் சேர்த்த நாளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து நின்ற படம் எதுவும் இல்லை.

"சரி," என்றாள் தேவயானி.

பத்து மணிக்கு சாம்பார் பரிமாறப் பக்கெட் போதவில்லை. வரலட்சுமி ஒரு பக்கெட் மணலைத் தெருவில் கொட்டினாள். கழுவி எடுத்துப் போனாள். திரை சாய்ந்தது.

"பின்னாடி நின்னு புடிச்சிக்கோ," என்றான் கோவர்த்தனன்.

வலது கையால் குழாயைப் பிடித்தாள். ஃபேன் காற்றில் துணி பறந்தது. அதன் ஓரத்தை இடது கையால் பிடித்தாள். முன்னால் நின்றவர்களுக்கு நாலு விரல் மட்டும் தெரிந்தது.

மாப்பிள்ளை யஸ்வந்தும் காவ்யாவும் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். காவ்யாவின் தோழி போனில் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"சால பாகுந்தி! ரொம்ப நல்லாருக்கு!" மாப்பிள்ளையின் தாய் பொன்னியம்மாள் துணியைத் தடவிப் பார்த்தாள். "யாரு செஞ்சது?"

"எங்க காவ்யாதான்!" என்றாள் வரலட்சுமி.

காவ்யா சிரித்தாள்.

"உங்கம்மா எங்க, காணோம்?" என்றாள் பொன்னியம்மாள்.

"உள்ள வேலையா இருக்காங்க அத்தை."

தேவயானி ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்தாள்.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. காவ்யா மாப்பிள்ளை வீட்டார் காரை வழியனுப்பிவிட்டு, புடவை மாற்ற உள்ளே போனாள். தேவயானி பிடித்துக்கொண்டே நின்றாள்.

"விடும்மா, கழட்டணும்," என்றான் பந்தல்காரன்.

விட்டாள்.

மத்தியானம் பாத்திரங்கள் இருந்தன. சாயங்காலம் விருந்தாளிகள் இருந்தார்கள்.

மறுநாள் காலை மஞ்சள் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முதல் பஸ்ஸில் புத்தூர் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

"ஒரு காபி கூட போடாம போயிட்டா பாரு!" என்றாள் வரலட்சுமி.

காவ்யா தோழி அனுப்பிய படங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஓரத்தில் அந்த நாலு விரல். போனில் தேய்த்தால் மறைந்தன. ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்துக்கொண்டே வந்தாள். முதல் படத்தில் நெளி மோதிரம் தளர்ந்து கிடந்தது. இருபதாவது படத்தில் அதன் இருபக்கமும் சதை பிதுங்கியிருந்தது. நாற்பதாவதில் வீக்கத்துக்குள் மோதிரத்தையே காணவில்லை. விரல்கள் நீலமாக இருந்தன.

தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அத்தை... இத பாரு."

"வெளிச்சம் அப்பிடி உழுந்திருக்கும்," என்றாள் வரலட்சுமி.

"நைனா... நீ பாரு."

கோவர்த்தனன் போனை வாங்கினான். அழிக்காத படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு செருப்பைத் தேடினான்.

புத்தூரில் வைத்தியர் வீட்டு வாசல் பெஞ்சில் தேவயானி உட்கார்ந்திருந்தாள். கையில் மூங்கில் பத்தை வைத்த கட்டு. மடியில் அறுத்தெடுத்த மோதிரம், இரண்டு துண்டாக.

காவ்யா ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"அடிச்சிடும்மா என்னை... நடிக்கறன்னு சொன்னேன்... அவங்ககிட்ட நீ உள்ள வேலையா இருக்கன்னு சொன்னேன்..."

"கேட்டுச்சு," என்றாள் தேவயானி.

காவ்யா அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து தேவயானி வலது கையை அவள் தலைமேல் வைத்தாள்.

"எழுந்திரு. போட்டோ எடுத்துக்கலாம்னியே."

"இங்கயாம்மா?"

"இங்கதான்."

கோவர்த்தனன் போனை உயர்த்தினான்.

"அந்தக் கைய முந்தானையில மூடிக்கோ," என்றான்.

தேவயானி கட்டுப் போட்ட கையைத் தூக்கி மகளின் தோளுக்கு முன்னால் வைத்தாள்.

"கை தெரியறாப்ல எடு."

அவன் எடுத்தான்.